ஒரு நாள் விருந்தாளிகள்

மயாமி துறைமுகம்
18 செப்டம்பர் 2011

அன்புள்ள லூவுக்கு,

ஓம் சுவஸ்தியஸ்து. நான் நலம். நீயும் அம்மாவும் நம் குட்டி ரத்னியும் நலமா? அம்மாவுக்கு மூட்டு வலி குறைந்ததா? எனக்குக் காலில் வந்த கொப்புளம் ஆறிவிட்டது. கப்பலில் புதுச் செருப்பு கொடுத்தார்கள்.

போனில் பேசாமல் இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போன் அடித்தால் முதலில் அம்மா, அப்புறம் தம்பி, அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர்கள், கடைசியில்தான் நீ. உன் கைக்கு வரும்போது அட்டையில் காசு தீர்ந்துவிடுகிறது. தீராவிட்டாலும், சுற்றி அத்தனை காதுகள் இருக்கும்போது "சாப்டீங்களா", "சாப்டேன்" தவிர வேறு என்ன பேச முடிகிறது? இதைத் தனியாக உட்கார்ந்து படி.

விஷயம் இதுதான். மார்ச்சில் என் ஒப்பந்தம் முடிகிறது. இதுதான் கடைசி என்று கிளம்பும்போதே சொன்னேன். அதில் மாற்றமில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஊருக்கு வந்தால் என்ன நடக்கிறது? பெட்டியைக் கீழே வைப்பதற்குள் ஊர்முறை வேலைக்குக் கூப்பிடப் பஞ்சார் சபையிலிருந்து ஆள் வந்துவிடுகிறான். கோயில் திருவிழா, பன்றி அறுப்பு, யார் வீட்டுத் தகனமோ, யார் பையனுக்கோ பல் ராவும் சடங்கு. விடுமுறை முடியும்போது வந்ததைவிடக் களைத்துப் போய்த் திரும்பக் கப்பலேறுகிறேன். உன்னோடு உட்கார்ந்து நிம்மதியாக ஒரு வேளை சாப்பிட்டோமா என்று யோசித்தால் ஞாபகம் வரவில்லை.

அதனால் இந்தத் தடவை விமான நிலையத்திலிருந்து நேராக வீட்டுக்கு வரமாட்டேன். நீ மட்டும் வா. ஒரு கடற்கரை கிளப்புக்குப் போவோம். ஒரே ஒரு நாள் விருந்தாளிகளாக இருந்துவிட்டு மறுநாள் வீட்டுக்குப் போகலாம். இத்தனை வருஷமாக இந்த உல்லாசக் கப்பலின் நீச்சல் குளத்து ஓரத்தில் நின்று ஊரான் முதுகுக்குத் துண்டு மடித்துக் கொடுக்கிறேன். ஒரு நாள் எவனாவது எனக்கு மடித்துக் கொடுக்கட்டுமே!

நம் பாலித் தீவில் இப்போது கிளப்புகள் காளான் மாதிரி முளைக்கின்றன என்று இங்கே வரும் ஆஸ்திரேலியர்கள் சொல்கிறார்கள். ஆட்டம் பாட்டம் ஒரு வகையாம், பிள்ளைகுட்டியோடு போக ஒரு வகையாம், பெரியவர்கள் மட்டும் சத்தமில்லாமல் கிடக்க ஒரு வகையாம். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்து எழுது. செருப்பு வாங்கும்போது கடைக்காரனைப் பாடாய்ப் படுத்துவாயே, அந்தக் கண்ணோடு பார்.

அம்மாவிடம் மூச்சு விடாதே.

உன்
நெங்கா


தபனான்
14 அக்டோபர் 2011

அன்புள்ள பிளி நெங்காவுக்கு,

ஓம் சுவஸ்தியஸ்து. இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு மூட்டு வலி மழைக்கு முன்னால் வரும், மழைக்குப் பின்னால் போகும். ரத்னிக்கு முன்பல் ஒன்று விழுந்து, கூரைமேல் எறிந்தாயிற்று.

உங்கள் யோசனையைப் படித்துச் சிரிப்பு வந்தது. கடல் தாண்டி வந்தவர் வீட்டுக் கோயிலில் தீர்த்தம் தெளித்துக்கொள்ளாமல் நேரே போய்க் கிளப் கட்டிலில் சாய்ந்தால் உங்கள் முன்னோர் என்னைத்தான் கேட்பார்கள். உங்களைக் கேட்க மாட்டார்கள், நீங்கள்தான் எப்போதும் ஊரில் இருப்பதில்லையே.

ஆனாலும் போனேன். செமிஞாக் பக்கம் பெரிய கிளப் ஒன்று, ஆட்டபாட்ட வகை. வாசலில் நின்ற பெண் என்னைப் பார்த்ததும், "அக்கா, படையல் வைக்க வந்தீங்களா? பின் வாசல் அந்தப் பக்கம்" என்றாள். நம்மைப் போன்றவர்கள் பின் வாசல் வழியாகத்தான் வருவார்கள் போலிருக்கிறது. "விருந்தாளியா வர்றதுக்கு விசாரிக்க வந்தேன்" என்றேன். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு பாவம், மரியாதையாகத்தான் சுற்றிக் காட்டினாள்.

கட்டில் என்று சொல்வது நம் வீட்டுக் கட்டில் மாதிரி இரண்டு பங்கு. அதில் படுக்கக் காசில்லை, ஆனால் இவ்வளவுக்குச் சாப்பிட்டே ஆகவேண்டும் என்று ஒரு தொகை வைத்திருக்கிறார்கள். அத்தனையும் சாப்பிட்டால் எழுந்து வர முடியாது. பாட்டுச் சத்தம் நெஞ்சுக்கூட்டில் உதைக்கிறது. நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்து "சாப்டீங்களா", "சாப்டேன்" என்று கத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதற்குப் போனே தேவலை.

இந்த மாதம் ஊர்க்கோயில் திருவிழா. கல்யாணமான வீடு என்றால் பஞ்சார் கணக்கில் இரண்டு ஆள். ஒரு ஆள் கப்பலில் இருந்தால் மற்ற ஆள் இரண்டு ஆளாகிவிட வேண்டும். பகலெல்லாம் பெண்களோடு தென்னங்குருத்துப் பின்னினேன். அது முடிந்ததும் உங்கள் முறைக்கு மூங்கில் சுமந்தேன். தலைவர் கெதுத் ரெந்தா, "பரவாயில்லையே லூ, நெங்காவைவிட நல்லாவே தூக்குற" என்றார். பாராட்டாம்.

மார்ச்சில் எந்தத் தேதி?

இப்படிக்கு,
லூ சுகர்மி


கோசுமெல்
6 நவம்பர் 2011

அன்புள்ள லூ,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். "பின் வாசல் அந்தப் பக்கம்" என்ற இடத்தில் என் அறைத்தோழன் பிலிப்பைன்ஸ்காரனுக்கும் படித்துச் சொன்னேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவனுடைய ஊரிலும் இதே கதைதானாம்.

ஆட்டபாட்டம் வேண்டாம். இங்கே மேல்தளத்தில் தினமும் அதுதான். ஒரு கிழவர் நேற்று என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அந்தப் பாட்டை நிறுத்த என்ன குடுக்கணும்?" என்று கேட்டார். கட்டில்களைத் தள்ளிப் போடச் சொல்லி ஒருவர், சேர்த்துப் போடச் சொல்லி ஒருவர். விடுமுறைக்கு வந்த மனுஷர்கள் இவ்வளவு சண்டை போடுவார்கள் என்று இந்த வேலைக்கு வராவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

நூசா துவா பக்கம் குடும்ப கிளப் இருக்கிறதாமே? நாம் இரண்டு பேர்தான் என்றாலும் அதையும் பார்த்து வை. ரத்னியையும் கூட்டிக்கொண்டு போ, அவளுக்கும் ஒரு நாள் பொழுது போகும்.

மூங்கிலெல்லாம் தூக்காதே. தம்பியைக் கூப்பிடு.

உன் நெங்கா


தபனான்
2 டிசம்பர் 2011

அன்புள்ள பிளி,

எல்லோரும் சுகம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே குளிர் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் இல்லை என்று அத்தை அடித்துச் சொல்கிறார், எப்படித் தெரியுமோ.

தம்பியைக் கூப்பிடச் சொன்னீர்கள். உங்கள் தம்பிக்கும் சொந்தமாக ஒரு வீடும் ஒரு முறையும் இருக்கின்றன.

குடும்ப கிளப்புக்கு ரத்னியோடு போனேன். நுழைவுச் சீட்டோடு மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டுகிறார்கள், குழந்தைக்கு ஒரு நிறம், அம்மாவுக்கு ஒரு நிறம், அப்பாவுக்கு ஒரு நிறம். சறுக்கு மரம் நம் கோயில் கோபுர உயரம். அதில் அப்பா மடியில் உட்கார்ந்துதான் சின்னப் பிள்ளைகள் சறுக்க வேண்டும் என்று விதி. அம்மா மடி ஆகாதா என்றேன். "ஆகும்க்கா, ஆனா எல்லாரும் அப்பாவோடதான் வருவாங்க" என்றான் அங்கே நின்றவன். நான் ஏறினேன். பாவாடையெல்லாம் நனைந்தது. ரத்னி மறுபடி மறுபடி என்று என்னை ஒரு வழி பண்ணிவிட்டாள். கடைசியில் அந்த ஆள் அவளிடம், "உங்கப்பா எங்கம்மா?" என்று கேட்டான். அவள் யோசித்துவிட்டு, "எங்களுக்கு அது கிடையாது" என்றாள். பட்டையைக் கேட்கிறான் என்று நினைத்தாளோ என்னவோ. நான் திருத்தவில்லை. களைப்பாக இருந்தது.

இங்கே நாம் இரண்டு பேர் மட்டும் போனால் பைத்தியம் என்பார்கள். இது வேண்டாம்.

போன கடிதத்தில் தேதி கேட்டிருந்தேன். நீங்கள் கவனிக்கவில்லை போலிருக்கிறது. கடைசி ஒப்பந்தம் என்று சொன்னீர்களே, அதைக் கம்பெனியிலும் சொல்லிவிட்டீர்களா?

லூ


கடலில்
27 டிசம்பர் 2011

அன்புள்ள லூ,

நலம். கிறிஸ்துமஸ் கூட்டம். நிற்க நேரமில்லை, கால் வீங்கியிருக்கிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

தெற்கே உளுவாத்து பக்கம் பாறை உச்சியில் பெரியவர்களுக்கு மட்டும் ஒரு கிளப் இருக்கிறதாம். போன வாரம் ஒரு ஜெர்மன்காரி படம் காட்டினாள். குளத்துத் தண்ணீர் முடிகிற இடத்தில் கடல் ஆரம்பிக்கிற மாதிரி இருந்தது. பாட்டு இல்லை, பிள்ளைகள் இல்லை. அதைப் பார்த்துவிட்டால் முடிவு பண்ணிவிடலாம்.

ரத்னிக்கு ஒரு பொம்மை வாங்கி வைத்திருக்கிறேன். கண்ணை மூடித் திறக்கும்.

நெங்கா


தபனான்
22 ஜனவரி 2012

அன்புள்ள பிளி,

ஓம் சுவஸ்தியஸ்து. உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வையுங்கள். எங்களுக்கு ஒன்றுமில்லை. எனக்கு முழங்கையில் சின்னக் கீறல், அவ்வளவுதான்.

கலுங்கான் பண்டிகை நெருங்கிவிட்டது. வாசலில் நடும் பெஞ்சோர் மூங்கிலை இந்தத் தடவையும் நானே அலங்கரித்து நானே நட வேண்டும். தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று யோசனை சொல்வார்கள். ஒருவர்கூடப் பிடிக்க மாட்டார்.

பாறைக் கிளப்புக்குப் போய் வந்தேன். வெகுதூரம். வாசல் பெண் இந்தத் தடவை பின் வாசலைக் காட்டவில்லை; நல்ல பாவாடையும் கபாயாச் சட்டையும் போட்டுக்கொண்டு போயிருந்தேன். உள்ளே போனேன். எல்லோரும் படுத்திருக்கிறார்கள். புத்தகத்தை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு ஒருத்தி, வாயைப் பிளந்துகொண்டு ஒருவர். பட்டப்பகலில், பிளி, வயதுவந்த மனிதர்கள் இத்தனை பேர் ஒரே இடத்தில் தூங்கி நான் பார்த்ததில்லை. யாரும் யாரையும் எழுப்பவில்லை. "கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கக்கா" என்று அந்தப் பெண் சொன்னாள். உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தெரியும்.

இதுதான் நமக்கு. வேறு பார்க்க வேண்டாம். சானூரில் சின்னதாக ஒன்று இருக்கிறது என்கிறார்கள், அங்கே இன்னும் போகவில்லை.

திரும்பும் வழியில் கொஞ்சம் அசதி. வீடு வந்து சேர்ந்துவிட்டேன்.

கட்டிலைப் பிடித்து வைக்க முன்கூட்டியே தேதி சொல்ல வேண்டுமாம். அவர்களும் கேட்கிறார்கள், நான் மட்டும் அல்ல.

லூ


மயாமி
12 பிப்ரவரி 2012

என் அன்பு லூவுக்கு,

நலம்! நலம்! கலுங்கான் வாழ்த்துகள், தாமதமாக.

தேதி கேட்டாயே, இதோ. மார்ச் 23, வெள்ளிக்கிழமை. மத்தியானம் இறங்குகிறேன். டிக்கெட் கைக்கு வந்துவிட்டது. பாறைக் கிளப்பில் இரண்டு கட்டில் பிடித்துவை, குளத்தை ஒட்டி, காற்று வருகிற பக்கம். நான் தாடியெல்லாம் எடுத்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவேன். யாரோ பெரிய ஆள் என்று நினைத்துத் துண்டு கொண்டுவருவார்கள். நீ சிரித்துக் காட்டிக்கொடுத்துவிடாதே.

அம்மாவிடம் வழக்கம்போலப் போனில் "மார்ச் கடைசியில்" என்று சொல்லியிருக்கிறேன். சரியான தேதி உனக்கு மட்டும்தான் தெரியும்.

நீ தூங்கு. நான் பக்கத்தில் இருக்கிறேன்.

உன்
நெங்கா


தபனான்
3 மார்ச் 2012

பிளி,

இங்கே நலம்.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் யாரோடும் சண்டை போடவில்லை. உங்கள் அம்மாவே "என்னடி, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். மறுநாள் காலையில் படையல் வைத்த கையோடு ஸ்கூட்டரை எடுத்தேன். போகும் வழியெல்லாம் இருபத்து மூணு, வெள்ளிக்கிழமை, இருபத்து மூணு, வெள்ளிக்கிழமை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

கிளப்பில் அதே பெண்தான் இருந்தாள். "மார்ச் இருபத்து மூணு, ரெண்டு கட்டில்" என்றேன். அவள் எழுதப் போனாள், நிறுத்தினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, நீங்க பாலிக்காரங்கதானே?"

"ஏம்மா?"

"அன்னிக்கு ஞெபி, அக்கா."

பக்கத்தில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது? நமக்கெல்லாம் ஞெபி என்றால் வருஷம் பிறக்கிற மௌன நாள், அமாவாசைக்கு மறுநாள். அது ஆங்கிலக் கணக்கில் எத்தனாம் தேதி என்று யார் பார்த்தார்கள்? இருபத்து மூணை அத்தனை தடவை சொல்லியும் எனக்கு உறைக்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன், பிளி. அதை உங்களிடம் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் மறந்திருக்கலாம், ஞாபகப்படுத்துகிறேன். அன்றைக்குத் தீவில் விளக்கு எரியாது. அடுப்பு எரியாது. தெருவில் நாய் தவிர எதுவும் நடக்காது. விமான நிலையத்தையே பூட்டிவிடுவார்கள். ஒரு விமானமும் இறங்காது, ஒன்றும் ஏறாது. அந்தத் தேதிக்கு எந்தக் கம்பெனியும் டிக்கெட் விற்காது. வழியில் விமான டிக்கெட் விற்கும் கடையில் இறங்கி அதையும் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். கேட்காமலே தெரியும், இருந்தாலும் கேட்டேன்.

ஆகவே உங்கள் கையில் டிக்கெட் இல்லை. ஏதோ ஒரு தேதியை எழுதியிருக்கிறீர்கள். எழுதும்போது ஊர் காலண்டர் உங்களுக்கு ஞாபகம் வரவில்லை.

பொய் சொன்னதுகூடப் பரவாயில்லை. பாலியில் பிறந்தவர் பொய் சொல்லக்கூட ஞெபியைத் தேர்ந்தெடுத்தீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லூ


நஸாவ்
30 மார்ச் 2012

லூ,

உன் கடிதம் கிடைத்தது. நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்: உன் முழங்கை எப்படி இருக்கிறது? அம்மா போனில் சொன்னாள். பாறைக் கிளப்பிலிருந்து வரும்போது ஸ்கூட்டரிலேயே கண்ணயர்ந்து வாய்க்காலில் விழுந்தாயாமே. தையல் போட்டார்களாமே. எனக்கு எழுதியது சின்னக் கீறல்.

ஜனவரியிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன். அக்டோபர் வரை. மேலாளர் கூப்பிட்டுக் கேட்டார், தலைமைப் பணியாளன் ஆக்குகிறேன் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சரி என்று வந்துவிட்டது.

சம்பளத்துக்காக என்று எழுதினால் நீ நம்புவாய். அது மட்டும் இல்லை. இங்கே எந்தக் கட்டில் எந்த நேரம் வெயிலில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். யாருக்கு எது பிடிக்கும் என்று தெரியும். ஊருக்கு வந்தால் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. போன தடவை ரத்னியைத் தூக்கினேன், அலறினாள். நீ என் கையிலிருந்து வாங்கினாய், உடனே நிறுத்தினாள். அதற்கப்புறம் ஊருக்கு வருவது என்றாலே எனக்குப் பயம். நேராகக் கிளப்புக்குப் போகலாம் என்றதும் அதனால்தான். அங்கேயாவது எனக்கு வழி தெரியும்.

திட்டு. எழுதாமல் இருந்துவிடாதே.

நெங்கா


தபனான்
25 ஏப்ரல் 2012

பிளி நெங்காவுக்கு,

ஓம் சுவஸ்தியஸ்து. முழங்கை ஆறிவிட்டது. மழை நாளில் மட்டும் இழுக்கிறது. அத்தைக்கும் எனக்கும் இப்போது ஒரே வைத்தியம்.

திட்டச் சொன்னீர்கள். அதற்கும் தெம்பு வேண்டுமே.

போன செவ்வாய்க்கிழமை சானூர் கிளப்புக்குப் போனேன். அத்தையிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். பிறகு, "போயிட்டு வா. இன்னிக்குப் படையலை நான் வெக்கிறேன். வண்டியில போகாத, பஸ்ஸுல போ" என்றார்.

இதுவரை பார்த்த மூன்றிலும் சேர்த்தி இல்லை இது. வயதான வெள்ளைக்காரர்கள், நான்கு பாய்மரப் படகு, பழைய மரக் கட்டில்கள். "எத்தனை பேருக்கு?" என்று கேட்டான். "ஒருத்திக்கு" என்றேன். மறு கேள்வி இல்லை. மரத்தடியில் ஒன்றைக் காட்டினான். சோறும் பொரித்த மீனும் சொன்னேன். அது வருவதற்குள் தூங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது நிழல் நகர்ந்து என் காலில் வெயில் விழுந்திருந்தது. அங்கே வேலை செய்கிற ஆள், நம் கராங்காசெம் பக்கத்துப் பேச்சு, உங்கள் வயதுதான் இருக்கும், குடையைச் சத்தமில்லாமல் திருப்பிக்கொண்டிருந்தான். "தூங்குங்கக்கா. சாப்பாட்டை மூடி வெச்சிருக்கேன்" என்றான். அவன் போனபிறகு அழுதேன். துக்கம் என்று சொல்ல முடியாது. நான் கேட்காமல் ஒருவர் எனக்காக ஒரு வேலை செய்து எத்தனை காலமாயிற்று என்று தோன்றியது. நீங்கள் இந்த வேலையைத்தான் செய்கிறீர்கள், நன்றாகவும் செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். யார் யாருக்கோ செய்கிறீர்கள். மறுபடி தூங்கினேன். சாயங்காலம் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

அந்தத் தூக்கத்தில்தான் எனக்குப் புத்தி தெளிந்தது என்று நினைக்கிறேன். அந்த வாரமே பஞ்சார் கூட்டத்துக்குப் போய், என்னைப் பாதி வீடாக எழுதிக்கொள்ளச் சொன்னேன். நமக்குத் தெரிந்த வழக்கம்தான்: கைம்பெண் வீட்டுக்குப் பாதி முறை.

கெதுத் ரெந்தாவுக்குக் கையிலிருந்த சிகரெட் அணைந்துவிட்டது. "என்ன லூ இது, அபசகுனமா! பாதி முறை புருஷன் செத்தவளுக்குத்தானே?"

"செத்தா பாதிங்கிறீங்க. ஊர்ல இல்லாட்டியும் பாதிதானே?"

"அவன்தான் மாசாமாசம் பணம் அனுப்புறானே?"

"பணம் மூங்கில் தூக்குமா?"

பின்னால் ஒருவர் சிரித்தார், மற்றவர்கள் முறைத்தார்கள். வாதம் வெகுநேரம் நடந்தது. இப்படி ஒன்று நடந்ததே இல்லை என்றார்கள். கடைசியில் உங்கள் அம்மா எழுந்து நின்றார், கூட்டத்தில் பெண்கள் பேசும் வழக்கமில்லை என்றாலும். "எழுதிக்கோங்க. அவ விழுந்து செத்தா அப்ப வீடே இருக்காது" என்றார். எழுதிவிட்டார்கள்.

"நெங்கா வந்துட்டா?" என்று கெதுத் கேட்டார்.

"அவரே வந்து உங்ககிட்ட கேட்கட்டும்" என்றேன்.

ஆகவே, நீங்கள் வரும் தேதியை இனி எனக்கு எழுத வேண்டாம். எனக்கு எழுதினால் நான் திரும்பவும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போவேன். பஞ்சாருக்கு எழுதுங்கள். முழு வீடாக்குவது இனி அவர்கள் கையில்.

ரத்னி நலம். உங்கள் உடல்நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.

லூ சுகர்மி


மயாமி
29 மே 2012

பெருமதிப்பிற்குரிய பஞ்சார் தலைவர் கெதுத் ரெந்தா அவர்களுக்கு,

ஓம் சுவஸ்தியஸ்து. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் சபையினர் அனைவரும் நலமுடன் இருக்க வேண்டுகிறேன். நான் இங்கே நலம்.

ஒப்பந்தம் முடிவதற்குள் நான் கப்பலிலிருந்து இறங்கிவிட்டேன். பாதியில் இறங்கினால் கம்பெனி பயணச் செலவு தராது, மறுபடி வேலைக்கும் எடுக்காது. டிக்கெட்டை நானே வாங்கினேன். ஜூன் 20, புதன்கிழமை இறங்குகிறேன். அன்று என்ன நாள் என்று டிக்கெட் வாங்கும் முன்பே நம் ஊர்க்காரர் ஒருவரைக் கேட்டுப் பார்த்துக்கொண்டேன். விமான நிலையம் திறந்திருக்கும். அங்கிருந்து நேராக வீட்டுக் கோயிலுக்கு வருகிறேன். நான் வரும் செய்தியை என் வீட்டில் நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லும்போது டிக்கெட் உண்மை என்றும் சொல்லுங்கள்.

சபைக்கு ஒரு விண்ணப்பம். நான் வந்தேன் என்பதற்காக என் வீட்டை உடனே முழு வீடாகத் திருப்பி எழுத வேண்டாம். ஊரில் வந்து நிற்பதாலேயே ஒருவன் வீட்டில் இருக்கிறான் என்று ஆகிவிடாது. முதலில் என் மனைவி லூ சுகர்மியைக் கேளுங்கள். அவள் சரி என்று சொல்லும் நாளில் எழுதுங்கள். அதற்கு எத்தனை மாதமானாலும் நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

அதுவரை அவள் பெயரில் இருக்கிற பாதி முறையை நான் செய்கிறேன். மூங்கில் தூக்குவது, கோயில் முற்றம் கூட்டுவது, பந்தல் கட்டுவது, எதுவானாலும் சரி. பெண்களோடு உட்கார்ந்து தென்னங்குருத்துப் பின்னச் சொன்னாலும் செய்கிறேன், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். காலையில் ஆள் அனுப்பும்போது வாசலில் என் பெயரைச் சொல்லி மெதுவாகக் கூப்பிடச் சொல்லுங்கள். அவள் தூங்கட்டும்.

தங்கள் பணிவுள்ள,
நெங்கா வர்தானா